நோயாளியிடம் கேட்பதற்கும் ஒரு படிப்பா?



நம் மருத்துவமனை ஊழியரான சகோதரி ஒருவரை எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்புக்காக மதுரைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று சென்ற இதழில் இரண்டே வரியில் எழுதியிருந்தோம். அதற்குப் பின் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி பல விதமாக இருந்தது. நோயாளியிடம் அன்பாய்ப் பேசுவதற்கு ஒரு பட்டம் தேவையா? அந்தப் பணத்தில் நான்கு கட்டில் வாங்கலாமே? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெரியவர் நேரிலேயே வந்து, "அந்தக் காலத்து வேதாகம ஸ்திரீகள் எந்தக் காலேஜில் படித்தார்கள் ஐயரே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கமிட்டியில் இதை முதலில் கேட்டவர்களே நாங்கள்தான். ஆகையால் பதில் சொல்லும் கடமையும் எங்களுடையதே.

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இராஜபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விசைத்தறித் தொழிலாளி நம் வார்டுக்கு வந்தார். மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறவர். அவருக்குக் காசநோய். ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதம் முடியுமுன் நிறுத்திவிட்டார். திரும்பி வந்தபோது டாக்டர் கடிந்துகொண்டார். நாங்கள் கட்டிலருகே உட்கார்ந்து புத்தி சொன்னோம், ஜெபித்தோம், உங்கள் காணிக்கையிலிருந்து அரிசியும் கொடுத்தோம். மருந்தை ஏன் விட்டீர்கள் என்றதற்கு, "மறந்துட்டேன் ஐயா" என்றார். நாங்களும் நம்பினோம். மூன்றாம் முறை வந்தபோது வழக்கமான மாத்திரைகள் அவருக்கு வேலை செய்யவில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவர் பிழைக்கவில்லை.

அடக்கத்துக்குப் பின் அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அந்நாட்களில் வாரம் மூன்று நாள் மருந்து கொடுக்கும் இடத்துக்கே போய் மாத்திரை விழுங்க வேண்டும். போகும் நாளில் ஷிப்டு கூலி போய்விடும். நோய் இன்னதென்று தெரிந்தால் தறியே போய்விடும். இவ்வளவையும் அவர் எங்களிடம் மறைத்தார் என்று சொல்ல மாட்டோம். அவர் சொல்லும்படியாக நாங்கள் கேட்கவில்லை.

அப்படிக் கேட்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பு.

இது ஏதோ புதிய நாகரிகம் என்று எண்ண வேண்டாம். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1895-ஆம் ஆண்டு மேரி ஸ்டூவர்ட் என்னும் பெண்மணி முதல் மருத்துவமனைச் சமூகப்பணியாளராக அமர்த்தப்பட்டார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, இலவச சிகிச்சைக்கு வருகிறவர்களில் பணம் கட்டக் கூடியவர் யார் என்று கண்டுபிடிப்பது! நம் அலுவலகத்தில் சலுகைச் சீட்டு எழுதும்போது நடப்பதும் பெரும்பாலும் அதுவே. ஆனால் அங்கே கேள்வி கேட்கக் கேட்க, நோயாளி வீட்டில் சாப்பாடு உண்டா, சொன்ன மருந்தை வாங்க வழி உண்டா என்பதெல்லாம் வெளியே வந்தன. வேலையின் போக்கே மாறிவிட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1905-இல் இந்தப் பணி தொடங்கிற்று. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 1946-இல் வந்தது.

இதைச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி நம் நாட்டில் ஏற்பட்டதில் மிஷனெரி ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். கிளிஃபர்ட் மன்ஷார்ட் என்பவர் 1925-இல் பம்பாய் வந்து, அமெரிக்கன் மராத்தி மிஷன் சார்பில் நாக்பாடா ஏழைக் குடியிருப்பில் வேலை செய்தவர். 1936-இல் டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு 20 மாணவர்களைக் கொண்டு தொடங்கிய சமூகப்பணிப் பள்ளிக்கு அவரே முதல் இயக்குநர். அதுவே 1944 முதல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்றது. அவரை அனுப்பிய அமெரிக்கன் போர்டுதான் மதுரையிலும் மிஷன் நடத்தி, நம் பிள்ளைகள் பலர் படித்த அமெரிக்கன் கல்லூரியை ஏற்படுத்தியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இல் சமூகப்பணிப் பள்ளி வந்தது. இப்போது மதுரை, திருச்சி, கோவை எல்லா இடங்களிலும் படிக்கலாம்.

எந்தப் பாடத்தில் பி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவரும் சேரலாம். இரண்டு ஆண்டு. வகுப்புப் பாடங்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தனி மனிதரோடு, குழுவோடு, ஊரோடு எப்படி வேலை செய்வது என்பவை முக்கியமானவை. உயிர்நாடி களப்பணியில் இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாள் மாணவர்கள் வகுப்பில் இருக்க மாட்டார்கள். மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி என்று எங்காவது வேலையில் இருப்பார்கள். பார்த்ததையும் பேசியதையும் அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். மேற்பார்வை ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்து அதை அலசுவார். நம் சகோதரியின் முதல் அறிக்கை முழுக்கச் சிவப்பு மையாகத் திரும்பி வந்ததாம். "குடும்பத்தில் அக்கறை இல்லை" என்று ஒரு நோயாளியின் மகனைப் பற்றி எழுதியிருந்தார். பக்கத்தில் ஆசிரியர் கேட்டிருந்தார்: இது அவர் சொன்னதா, நீ நினைத்ததா? அந்த மகன் ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம், வட்டிக்குப் பணம் தேடி அலைந்துகொண்டிருந்ததே.

இதைக் கேட்டபோது எங்களுக்குத் தறிக்காரரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இறையியல் கல்லூரியில் எங்களுக்குப் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நாங்கள் எழுதிய பிரசங்கத்தைத் திருத்தினார்கள். நோயாளியோடு நாங்கள் பேசியதை எழுதச் சொல்லி யாரும் திருத்தியதில்லை.

படிப்பில் வரும் ஒரு நூலாசிரியரைப் பற்றி மட்டும் சொல்கிறோம். ஃபீலிக்ஸ் பைஸ்டெக் என்பவர் அமெரிக்காவின் சேசு சபைக் குருவானவர். உதவி தேடி வருகிறவரோடு எப்படிப் பழகுவது என்று ஏழு நெறிகளை 1957-இல் எழுதி வைத்தார். அவரைத் தீர்ப்புச் செய்யாதிருப்பது ஒன்று. தம் முடிவைத் தாமே எடுக்க விடுவது மற்றொன்று. ஆகவே அரிசிப் பைக்கு ஜெபம் விலையாகக் கூடாது. இதில் எங்களுக்குச் சங்கடம் இல்லை என்றால் பொய். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் "சரி தம்பி" என்று எழுந்து வர எங்களுக்கு இந்த வயதில்தான் பழக்கமாகிறது.

இன்னொரு நெறி இரகசியம் காத்தல். இது உங்களையும் தொடும். நம் இதழில் நோயாளியின் படமும் பெயரும் ஊரும் ஏன் வருவதில்லை என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். படம் போட்டால் காணிக்கை கூடும் என்பது எங்களுக்குத் தெரியும். விடுமுறையில் வந்த சகோதரி பழைய இதழ்களைப் புரட்டிவிட்டு, "ஐயா, இவங்க கிட்ட கேட்டுத்தான் போட்டோமா?" என்றார். கேட்டிருந்தோம். கட்டணம் தள்ளுபடி செய்த அன்றைக்குக் கேட்டிருந்தோம். அன்றைக்கு யார் முடியாதென்று சொல்வார்கள்? அதோடு நிறுத்திவிட்டோம்.

வார்டில் இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். காசநோயாளிக்கு அரசு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2018-இல் வந்தது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாய் ஆயிற்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் இருக்கிறது. ஊட்டச்சத்துப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இல்லை, கார்டில் பெயர் வேறு, ஆதாரில் வேறு என்று எத்தனை குடும்பங்கள் திரும்பிப் போகின்றன! செண்பகத்தோப்புப் பளியர் குடும்பங்களுக்கும் கைத்தறி வீடுகளுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. யாராவது கூடவே உட்கார்ந்து படிவத்தை முடித்து, அடுத்த மாதம் மருந்துக்கு வந்தாரா என்று வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். நல்ல சமாரியனும் சத்திரக்காரனிடம் பணத்தைக் கொடுத்ததோடு நிற்காமல், திரும்பி வருவேன் என்று சொல்லித்தானே போனான்.

இந்தப் படிப்பு எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மனநலச் சமூகப்பணியாளர் என்று கையெழுத்திட எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது, 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதற்கு மேல் இரண்டு ஆண்டு எம்.பில். பயிற்சியையும் கேட்கிறது. மருத்துவச் சமூகப்பணியாளரை மருத்துவம் சார்ந்த தொழிலினராக ஏற்று ஒரு சட்டம் வந்ததே 2021-இல்தான். படித்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதுமில்லை. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வைத்தது முதல், இந்தப் பட்டத்துக்கு ஆலைகளிலும் மதிப்பு உண்டு. மாணவர் பலர் மனிதவளப் பிரிவை எடுப்பதும் அதனால்தான். இராஜபாளையம் ஆலைக்காரர் கொடுக்கும் சம்பளத்தை நாம் கொடுக்க முடியாது.

ஆகையால், படித்து முடித்தபின் ஐந்து ஆண்டு இங்கே வேலை செய்வேன் என்று சகோதரியிடம் பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். மூன்று கூட்டங்கள் இதைப் பற்றியே பேசினோம். கடனுக்குக் கட்டுப்பட்டு நின்ற ஒரு தறிக்காரரை அடக்கம் செய்தவர்கள் நாம். அப்படி ஒரு பத்திரத்தில் எங்களால் கையெழுத்திட முடியாது என்று சொன்னோம். முடிவில் பத்திரம் இல்லாமலே அனுப்பினோம். அவர் திரும்பி வராமலும் போகலாம். கொடுக்கிறவர்களாகிய நீங்கள் அதைத் தெரிந்தே கொடுக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் விடுதிப் பணமும் ஜூன் மாதம் கட்ட வேண்டும். களப்பணிக்குப் போய்வரும் பஸ் செலவு தனி. இதற்கென்று அனுப்புகிறவர்கள் காசோலையின் பின்புறம் "படிப்பு உதவி" என்று குறிப்பிடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். கட்டிலுக்கு என்று எழுதினால் அது கட்டிலுக்கே போகும். மே மாதம் முழுவதும் சகோதரி ஸ்ரீவில்லிபுத்தூரில் தம் வீட்டில் இருப்பார். நேரில் வந்து கேட்ட பெரியவரிடம் சொல்லியிருக்கிறோம். வேதாகம ஸ்திரீகளைப் பற்றிய கேள்வியை அவரிடமே கேட்கட்டும். அவர் பாட்டியாரும் அந்த ஊழியத்தில் இருந்தவர்தாம்.