மோட்டார் சைக்கிள்: காப்புடையும் துணைக்கருவிகளும் பராமரிப்பும்

பேருந்து எட்டாத சிற்றூர்களுக்குச் செல்லவேண்டிய விரிவாக்க ஊழியருக்கும், நில அளவையாளருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று. நாள்தோறும் கையாளும் தொழிற்கருவியாகும். ஆயினும், மண்வெட்டிக்கும் தெளிப்பானுக்கும் அளிக்கப்படும் கவனம்கூட இக்கருவிக்குப் பல வேளைகளில் அளிக்கப்படுவதில்லை. இதன் விளைவு சிறிதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாத நிலையில் இறந்தோர் 50,029 பேர். இவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள்.

மோட்டார் சைக்கிளுக்கென விற்கப்படும் பொருள்கள் எண்ணற்றவை. எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று முடிவு செய்ய ஓர் எளிய அளவுகோல் உண்டு. டயர் தரையைப் பற்றும் பிடிப்பு, ஓட்டுபவர் காண்பதும் பிறரால் காணப்படுவதும், விழ நேர்ந்தால் உடலுக்குள்ள காப்பு ஆகிய மூன்றில் ஒன்றையேனும் ஒரு பொருள் வளர்க்கின்றதா என்று கேட்கவேண்டும். வளர்க்குமாயின் அது தேவையானது. இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் குறைக்குமாயின், எவ்வளவு அழகாயினும் அது விலக்கத்தக்கது. பராமரிப்புக்கும் இதுவே அளவுகோல்.

தரையைத் தொடும் இடம்

ஊர்தி முழுவதையும் சாலையோடு இணைப்பவை இரண்டு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு என்பதை மாணவரும் கணக்கிடலாம். ஆள் அமர்ந்த நிலையில் பின்சக்கரம் 120 கிலோகிராம் பளுவைத் தாங்குவதாகவும், டயரினுள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் (சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 28 பவுண்டு) எனவும் கொள்வோம். பளுவை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது 60 சதுர சென்டிமீட்டர். அதாவது, ஓர் உள்ளங்கையளவே. வளைவில் திரும்புவதும், தடுத்து நிறுத்துவதும் இத்தகைய இரண்டு உள்ளங்கைகளின் வலிமையைப் பொறுத்தவை.

அழுத்தம் குறைந்தால் டயரின் பக்கச்சுவர்கள் மிகுதியாக மடங்கி விரியும்; அதனால் வெப்பம் பெருகும்; எரிபொருள் வீணாகும்; வளைவுகளில் ஊர்தி நெளியும். அழுத்தம் மிகுந்தால் தொடுபரப்பு சுருங்கும். டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். ஆகையால், வாரம் ஒரு முறை, ஓட்டுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே, அழுத்தத்தை அளக்கவேண்டும். உற்பத்தியாளர் குறித்துள்ள அளவைக் கையேட்டிலோ ஊர்தியில் ஒட்டப்பட்டுள்ள சீட்டிலோ காணலாம். இருவர் செல்லும்போது பின்சக்கரத்திற்கு அதிக அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். கையடக்கமான அழுத்தமானியே ஒருவர் முதலில் வாங்கத்தக்க துணைக்கருவியாகும்.

டயரின் மேற்பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுவதற்காக அமைந்தவை. பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் உண்டு. தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு இம்மேடுகளின் மட்டத்திற்கு வந்துவிட்டால் டயரை மாற்றவேண்டும்.

பிரேக்கும் நிற்கும் தூரமும்

வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்மடங்காகும். ஆகவே நிற்பதற்கு வேண்டிய தூரமும் நான்மடங்காகும். உலர்ந்த தார்ச்சாலையில், தேர்ந்தவர் இரு பிரேக்குகளையும் நன்கு பயன்படுத்தினால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டரும், 80 கிலோமீட்டர் வேகத்தில் 36 மீட்டரும் தேவை. தடையைக் கண்டு கை பிரேக்கை அடைவதற்கு ஒரு விநாடி ஆகுமெனில், அதற்குள் ஊர்தி முறையே 11, 17, 22 மீட்டர் சென்றுவிடும். நனைந்த சாலையிலும், மணல் பரவிய சாலையிலும் இத்தூரங்கள் மேலும் மிகும்.

பிரேக் பிடிக்கும்போது பளு முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரத்தின் பிடிப்பு கூடுகிறது. பின்சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது. எனவே, முன் பிரேக்கை அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் தம் ஊர்தியின் நிறுத்தும் ஆற்றலில் பெரும் பகுதியைப் பயன்படுத்தாமல் விடுகின்றார். ஊர்தி நேராகச் செல்லும் நிலையில், இரண்டையும் ஒருங்கே, படிப்படியாக அழுத்துவதே சரியான முறை. 2019 ஏப்ரல் முதல் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புதிய ஊர்திகளில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றில் அவ்வமைப்போ இரு பிரேக்குகளையும் இணைத்து இயக்கும் அமைப்போ கட்டாயமாக்கப்பட்டது. இவை உதவியேயன்றி வேகத்திற்கு உரிமம் அல்ல. தளர்ந்த சரளையில் ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் குறைக்கும் என எதிர்பார்த்தலாகாது.

டிரம் பிரேக்கில் தேய்மானத்தைக் காட்டும் குறிமுள் அமைந்திருக்கும்; அது எல்லைக்கோட்டை அடைந்தால் பிரேக் கட்டைகளை மாற்றவேண்டும். டிஸ்க் பிரேக்கின் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் அதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுதல் நலம். தட்டின்மீதும் பட்டைகள்மீதும் எண்ணெய் படுவது பேராபத்து. ஊர்தியைக் கழுவியபின் சிறிது தூரம் மெல்ல ஓட்டி, பிரேக்குகளை இலேசாக அழுத்தி உலர்த்திக்கொள்ளவேண்டும்.

தலைக்கவசம்

1935-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டி. இ. லாரன்ஸ் உயிர்துறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர் பின்னர் இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்து, 1941-இல் தலைக்கவசத்தின் பயனை விளக்கி ஆய்வுரை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 61 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2008-இல் வெளிவந்த மதிப்பீடு, தலைக்கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காய அபாயத்தை 69 பங்கும் குறைப்பதாகக் காட்டியது.

இது செயற்படும் விதம் எளிது. தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதுவதாகக் கொள்வோம். மோதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தலை நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் 3 மில்லிமீட்டர் மட்டுமே என்றால், சராசரி வேகத்தேய்வு 1500-ஐ 3-ஆல் வகுத்த அளவு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 500 மடங்கு. கவசத்தின் உள்ளிருக்கும் தெர்மோகோல் அடுக்கு 20 மில்லிமீட்டர் நசுங்கி இடந்தருமானால், அதே வேகத்தேய்வு 75 மடங்காகக் குறைகின்றது. ஆகவே, காப்பது வெளியோடு மட்டுமன்று. தான் நசுங்கித் தலையைக் காக்கும் உள்ளடுக்கே முதன்மையானது. ஒருமுறை நசுங்கிய அடுக்கு மீண்டும் நிமிர்வதில்லை. எனவே, பலத்த அடிபட்ட கவசத்தை, வெளியில் பிளவு தெரியாவிடினும், மாற்றிவிடவேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். ஒரே அளவுள்ள இரு முட்டைகளை முழங்கால் உயரத்திலிருந்து, ஒன்றைக் கல்தரையிலும் மற்றொன்றைத் தட்டில் பரப்பிய தளர்ந்த மணலிலும் விழச்செய்க. மணலில் விழுந்தது உடையாமலிருக்கக் காரணம் யாது என மாணவரைக் கேட்டு, மணலில் ஏற்பட்ட குழியின் ஆழத்தை அளக்கச் செய்யவேண்டும்.

வாங்கும்போது ஐ.எஸ். 4151 என்னும் எண்ணுடன் கூடிய ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காணவேண்டும். 2021 ஜூன் 1 முதல் இருசக்கர ஊர்திக்கான தலைக்கவசங்களுக்கு இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. கவசம் கன்னங்களை மெல்ல அழுத்தவேண்டும். தலையை அசைத்தால் அது தனியே சுழலலாகாது. வாரைப் பூட்டியபின், பின்புறத்திலிருந்து முன்னோக்கி உருட்டித் தள்ளினாலும் கழன்றுவிடக்கூடாது. வாரைப் பூட்டாத கவசம் விபத்தின்போது தலைக்கு முன்பே தரையை அடையும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவை ஓட்டையும் உள்ளடுக்கையும் அரிப்பதால், சோப்புநீரே துடைப்பதற்கு ஏற்றது. கறுப்புக் கண்ணாடி முகமறைப்பை இரவில் பயன்படுத்தலாகாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரையும், பின்னிருப்பவரையும் சேர்த்தே, கவசம் அணியப் பணிக்கின்றது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் காப்புவாரும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டருக்கு மிகலாகாது. இவ்விதி 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

உடையும் காலணியும்

விழுபவர் முதலில் ஊன்றுவது கையை. ஆகவே, உள்ளங்கையில் தடித்த தோல் வைத்த கையுறை பயனுடையது. கணுக்காலை மூடும் காலணி, பிரேக் மிதியில் வழுக்காமல் இருப்பதோடு சூடான சைலன்சரிலிருந்தும் காக்கும். செருப்பு இவ்விரண்டையும் செய்யாது. கோடையிலும் முழுக்கைச் சட்டை அணிதல் வெயிலுக்கும் சிராய்ப்புக்கும் ஓரளவு காப்பு. ஆயினும் மெல்லிய பருத்தி சாலையில் உரசினால் நொடியில் கிழியும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மழைக்கு, காற்றில் படபடக்கும் போர்வை போன்ற அங்கியைவிட, சட்டையும் காற்சட்டையுமாகத் தைத்த மழையுடையே சிறந்தது. அது வெளிர்மஞ்சள் நிறமாயின் பிறர் கண்ணுக்கும் எளிதில் புலப்படும்.

பூட்டத்தக்கனவும் தகாதனவும்

பின்சக்கரத்தைப் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்புத் தகடு, பின்னிருப்பவர் பற்றிக்கொள்ளும் கைப்பிடி, காலூன்றி ஆகிய மூன்றையும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி வேண்டுகின்றது. புடவையும் துப்பட்டாவும் ஆரக்கால்களில் சிக்குவதைத் தடுப்பது இத்தகடே. இடைஞ்சல் எனக் கருதி இதனைக் கழற்றிவிடுவோர், ஒரு பெண்ணின் உயிரையே இடருக்குள்ளாக்குகின்றனர்.

விதை மூட்டையையும் கருவிகளையும் எடுத்துச் செல்வோர் பளுவை இருசக்கரங்களுக்கு இடையே, தாழ்வாக, இருபுறமும் சமமாக அமைக்கவேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பளு நெம்புகோல்போல் செயற்பட்டு முன்சக்கரத்தைத் தூக்குகின்றது. சக்கர இடைவெளி 130 சென்டிமீட்டர் எனில், அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் வைத்த 15 கிலோகிராம், முன்சக்கரத்தின் பளுவில் ஏறத்தாழ நாலரை கிலோகிராமைக் குறைத்துவிடும். கைப்பிடியில் பை தொங்கவிடுதல் திருப்பத்தையே தடுக்கும். கால்காப்புக் கம்பி ஊர்தி சாய்ந்து விழும்போது உதவும். மோதலில் அதனை நம்புதல் இயலாது.

குறித்த அளவுக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள முகப்பு விளக்கு மின்கம்பியைச் சூடாக்கி உருக்கும். எதிரே வருபவரின் கண்ணையும் கூசச்செய்யும். பின்காட்டும் கண்ணாடிகளைக் கழற்றுவதும், சைலன்சரை மாற்றி ஒலி பெருக்குவதும் மேற்கூறிய அளவுகோலில் தேறா.

செயின், எண்ணெய், காற்று வடிகட்டி

திறந்த செயினை ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை துடைத்து எண்ணெயிடவேண்டும். புழுதியிலும் மழையிலும் ஓடியபின் அதற்கு முன்பே செய்தல் நலம். செயினின் தொய்வு பெரும்பாலான ஊர்திகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை அமையும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, மிக இறுகிய இடத்தில் சரிசெய்யவேண்டும். ரப்பர் வளையங்கள் பொருந்திய செயினைப் பெட்ரோலால் கழுவலாகாது. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைப்பது விரலை இழப்பதற்கான வழி. சக்கரத்தைக் கையாலேயே சுற்றவேண்டும்.

சிறிய எஞ்சின்களில் எண்ணெயின் அளவு ஏறத்தாழ ஒரு லிட்டரே. அதில் கால் லிட்டர் குறைவதும் பெருங்குறைவாகும். சமதரையில் ஊர்தியை நிமிர்த்தி நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து அளவைப் பார்க்கவேண்டும். பல மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் இதே எண்ணெயில் நனைந்து இயங்குவதால், கார் எண்ணெயை ஊற்றினால் அது வழுக்கக்கூடும். டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்னும் குறி உள்ளதா எனப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

மண்பாதையில் செல்வோர் காற்று வடிகட்டியைக் கையேடு கூறும் காலத்திற்கு முன்பே கவனிக்கவேண்டும். காகித வடிகட்டியைக் கழுவலாகாது, மாற்றவேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்படும் ஊர்திகளுள் பெரும்பாலானவற்றில் எரிபொருளை மின்பம்பு செலுத்துகின்றது. அப்பம்பைக் குளிர்விப்பது தொட்டியிலுள்ள பெட்ரோலே. ஆகையால் தொட்டியை அடிக்கடி வற்றவிடுதல் தவறு. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பணிமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

புறப்படுமுன்

ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம் போதும். இரு டயர்களையும் கையால் அழுத்தி, ஆணியோ வெடிப்போ உண்டா எனக் காண்க. இரு பிரேக்குகளையும் அழுத்துக. முகப்பு விளக்கும், பிரேக் விளக்கும், திரும்பு விளக்கும் எரிகின்றனவா எனப் பார்க்க. செயினின் தொய்வையும் ஊர்தியின் அடியில் எண்ணெய்க் கசிவு உண்டா என்பதையும் நோக்குக. சாய்வுநிறுத்தி மடங்கியதா எனச் சரிபார்த்து, தலைக்கவச வாரைப் பூட்டி, பின்னிருப்பவரின் வாரையும் பூட்டச்செய்க. வாரத்திற்கு ஒரு முறை காற்றழுத்தமும் எண்ணெயளவும், மாதத்திற்கு ஒரு முறை பிரேக் தேய்மானமும் நட்டுகளின் இறுக்கமும் பார்க்கப்படவேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஊரார் ஊழியரையும் ஆசிரியரையும் கண்டு பழகுகின்றனர். அவர் வாரைப் பூட்டிப் புறப்படுவதை ஊரும் பள்ளியும் நாள்தோறும் காணுமாயின், அதனினும் சிறந்த பாடம் வேறு வேண்டுவதில்லை.