பத்தில் ஒன்று: மோர்மன் சபையில் தசமபாகம்

மோர்மன்கள் என்று பொதுவாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினர், தங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கிறார்கள். ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்ததும், அதைக் களஞ்சியத்தில் கொண்டுவந்து சேர்க்கும்படி மல்கியா தீர்க்கதரிசி சொன்னதும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அறிந்தவையே. பல சபைகளில் இது அவரவர் மனம்போல் கொடுக்கும் காணிக்கையாகிவிட்டது. மோர்மன்களுக்கோ இது கட்டளை. சபையின் உயர்ந்த சடங்குகளில் பங்குபெற ஒருவருக்குத் தகுதி உண்டா என்பதையும் இதுவே பெருமளவு தீர்மானிக்கிறது.

ஜோசப் ஸ்மித் இந்தச் சபையை 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் கொண்டுவந்த ஏற்பாடு தசமபாகத்தைவிடக் கடுமையானது. விசுவாசி தன் சொத்தைச் சபைக்கு ஒப்படைத்துவிட்டு, குடும்பத்தின் தேவைக்கேற்ற பங்கைத் திரும்பப் பெற வேண்டும். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1838 ஜூலை 8ஆம் தேதி மிசூரியின் ஃபார் வெஸ்ட் ஊரில் தமக்கு அருளப்பட்டதாக ஸ்மித் அறிவித்த வெளிப்பாடு தசமபாகத்தை வரையறுத்தது. ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற வேதநூலின் 119ஆம் பிரிவாக அது இருக்கிறது. அதன்படி, மிகுதியான சொத்தை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு ஆண்டுதோறும் ஆதாயத்தில் பத்தில் ஒன்றைக் கொடுத்துவர வேண்டும்.

மோர்மன்கள் பின்னர் யூட்டாவில் குடியேறிய தொடக்கக் காலத்தில் தசமபாகம் பெரும்பாலும் பொருளாகவே வந்தது. கோதுமை, வைக்கோல், முட்டை, கால்நடை எல்லாம் சபையின் களஞ்சியங்களில் சேர்ந்தன. கையில் எதுவும் இல்லாதவர்கள் பத்து நாளுக்கு ஒருநாள் சபைக்காக உழைத்தார்கள். 1887இல் அமெரிக்க அரசு, சபையில் அப்போது நிலவிய பலதார மணத்துக்கு எதிரான சட்டத்தின் மூலம் சபைச் சொத்துகளைப் பறிமுதல் செய்ததால் கடன் பெருகியது. 1899 மே மாதம், வறட்சியில் வாடிய செயின்ட் ஜார்ஜ் நகரில் பேசிய சபைத் தலைவர் லொரென்சோ ஸ்னோ, தசமபாகத்தை முழுமையாகக் கொடுக்கும்படி வற்புறுத்தினார். வரவு உயர்ந்தது, 1907இல் கடன் தீர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பொருளாக வாங்குவதும் நின்று, எல்லாம் பணமாக மாறியது.

1838 வெளிப்பாடு சொன்ன ஆதாயம் என்பது எது என்ற கேள்விக்குச் சபைத் தலைமை 1970இல் ஒரு கடிதத்தின் மூலம் பதில் சொன்னது: வருமானம். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்றும் அக்கடிதம் முடித்துவிட்டது. ஆகவே கணக்கு அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. பினாங்கில் மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடாக 330 வெள்ளி பிடித்தம் போக 2,670 வெள்ளி மிஞ்சும். மொத்தச் சம்பளத்துக்குக் கணக்கிட்டால் தசமபாகம் 300 வெள்ளி. பிடித்தம் போகக் கணக்கிட்டால் 267 வெள்ளி. இரண்டையும் முழுத் தசமபாகம் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

பணத்தை உள்ளூர்ச் சபையின் ஆயரிடம் உறையிலிட்டுக் கொடுக்கலாம்; இணையம் வழியாகவும் செலுத்தலாம். ஆயர் சம்பளம் பெறும் குரு அல்லர். தம் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே சில ஆண்டுகள் அந்தப் பொறுப்பை வகிப்பவர். ஆண்டு இறுதியில் ஒவ்வோர் உறுப்பினரும் அவரைச் சந்தித்து, தாம் முழுமையாகக் கொடுத்தாரா, ஓரளவு கொடுத்தாரா என்று அறிவிப்பார். ஆயர் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை, சொன்னதே பதிவாகும்.

கொடுக்காதவரைச் சபை விலக்குவதில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வரவும் தடையில்லை. ஆனால் ஆலயத்துக்குள் நுழையத் தேவையான பரிந்துரைச் சீட்டு கிடைக்காது. மோர்மன்களிடம் ஆலயம் என்பது வாராந்தர ஆராதனைக் கூடம் அன்று. கணவன் மனைவியை நித்தியத்துக்கும் இணைக்கும் சடங்கு அங்கேதான் நடக்கிறது. பரிந்துரைச் சீட்டு இல்லாத பெற்றோர், சொந்தப் பிள்ளைக்கு அந்தச் சடங்கு நடக்கும்போது வெளியே காத்திருக்க நேரிடும்.

தமிழர்களிடையே இச்சபையின் முன்னோடிகளில் ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ். அவர் 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். இந்தியாவின் முதல் மோர்மன் ஆலயம் பெங்களூருக்கு என 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் பூமி பூஜைக்கு நிகரான தொடக்க விழா நடந்தது. சிங்கப்பூருக்கான ஆலயம் 2021இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்கள், ஊழியப் பணி, பிரிகம் யங் பல்கலைக்கழகம் போன்ற கல்வி நிலையங்கள், வம்சாவளி ஆய்வு ஆகியவற்றுக்குத் தசமபாகம் செலவாகிறது.

ஏழைகளுக்கான உதவி பெரும்பாலும் வேறு கணக்கிலிருந்து போகிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று உறுப்பினர்கள் இரண்டு வேளை உண்ணாதிருந்து, அந்த உணவுக்கு ஆகும் பணத்தையாவது உபவாசக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். விருதுநகர் நாடார்கள் வீடுதோறும் பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளி நடத்தியதன் சாயல் இதில் உண்டு. தசமபாகத்தைச் செட்டியார்களின் மகமையோடு ஒப்பிடலாம். பினாங்கின் பினாங்குத் தெருவில் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தொழிலிலிருந்து மகமையை ஒதுக்கிக் கோயில் பணிகளைப் பேணினார்கள். ஆனால் மகமை சமூகம் கூடி நிர்ணயித்துத் தொழிலின் மேல் விதிப்பது. உள்ளூர்க் கோயிலுக்கும் அறத்துக்கும் போவது. மோர்மன் தசமபாகமோ தனிமனிதரின் வருமானத்தின் மேல் விழுவது. அது முழுவதும் தலைமைக்கே சென்று, சபைத் தலைமை, பன்னிரு அப்போஸ்தலர், தலைமை ஆயர் குழு ஆகியோர் சேர்ந்த மன்றத்தின் முடிவுப்படி உலகெங்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது.

விமர்சனமும் இங்கேதான் எழுகிறது. விரிவான வரவுசெலவுக் கணக்கைச் சபை 1959க்குப் பிறகு பொதுவில் வெளியிடுவதில்லை. அதன் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்கிடம் ஏறத்தாழ 10,000 கோடி டாலர் சேர்ந்திருப்பதாக, அங்கு வேலை செய்த ஒருவர் அளித்த புகார் 2019இல் வெளியானது. பங்கு முதலீடுகளைப் பெயரளவிலான பல நிறுவனங்களுடையவையாகக் காட்டியதற்காக, 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனமும் சபையும் மொத்தம் 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. பஞ்ச காலத்துக்கும் எதிர்காலப் பணிகளுக்குமான சேமிப்பு அது என்பது சபையின் விளக்கம். தசமபாகத்தை வணிகத்துக்குச் செலவிட்டு ஏமாற்றியதாகச் சொல்லி, தாம் கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார் முன்னாள் உறுப்பினர் ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன். மோசடிக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதைத் தள்ளுபடி செய்தது. கொடுத்த பணம் சபையின் சொத்தாகிவிடும் என்று காணிக்கைச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறது.