ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தா புது மிஷின் வாங்கணுமா? கணக்குப் போட்டுப் பாக்கலாம்!

நம்மள்ல நிறைய பேருக்கு வேலை சென்னையிலயோ பெங்களூருலயோ, வயல் மட்டும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம். பிசான நடவு முடிஞ்சு களை தலைதூக்குற நேரம் பாத்து அப்பாகிட்ட இருந்து போன் வரும்: "மிஷின் ஸ்டார்ட் ஆகல, கயிறு அறுந்துடுச்சு. கடைக்காரர் புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாரு." நாமளும் உடனே இஎம்ஐ ஆப்பைத் திறந்துடுவோம்.

கொஞ்சம் பொறுங்க. பவர் வீடர், புல்லு வெட்டுற பிரஷ் கட்டர், சின்ன பெட்ரோல் பம்ப், ஜெனரேட்டர் எல்லாத்துலயும் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற அமைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான். அது எஞ்சினுக்கு வெளியே மூணு நாலு போல்ட்ல நிக்கிற தனிப் பாகம். கயிறு போச்சுன்னா எஞ்சின் போச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சாலே பெரிய செலவு மிச்சம்.

முதல்ல எஞ்சின் உயிரோட இருக்கான்னு பாருங்க

ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழட்டிடுங்க. பெட்ரோல் குழாயை மூடிடுங்க. கயிறு இருக்கிற மூடியைக் கழட்டினா ஃபிளைவீல் தெரியும். அதைக் கையால மெதுவா சுத்துங்க.

- ஒரு இடத்துல மட்டும் கனமா தடுத்து, அப்புறம் விட்டுக்கொடுத்தா: கம்ப்ரெஷன் இருக்கு. ரிப்பேர் செலவு பண்ணலாம்.
- எங்கேயுமே தடுக்காம லேசா சுத்தினா: வால்வு, பிஸ்டன் ரிங் பக்கம் பிரச்சனை இருக்கலாம். மெக்கானிக் பாக்கணும்.
- அசையவே இல்லன்னா: பிளேடுல ஏதும் சிக்கியிருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா எஞ்சின் ஜாம் ஆகியிருக்கலாம். செலவு எவ்வளவுன்னு எழுதி வாங்கிட்டு முடிவு பண்ணுங்க.

கயிறு எப்படி வேலை செய்யுது?

மூடிக்குள்ள ஒரு கப்பி, அதுக்குப் பின்னாடி கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஒரு ஸ்பிரிங். கயிறை இழுத்தா கப்பி சுத்தும். அதுல இருக்கிற சின்ன கொக்கி வெளியே நீட்டி ஃபிளைவீலைப் பிடிச்சு சுத்தும். எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் கொக்கி விலகிடும், ஸ்பிரிங் கயிறைத் திரும்பச் சுத்திக்கும்.

அதனால அறிகுறியை வெச்சே கோளாறைச் சொல்லிடலாம். கயிறு உள்ள போகாம தொங்கினா ஸ்பிரிங். இழுத்தா வெறுமனே வந்து எஞ்சின் சுத்தலன்னா கொக்கி. நார் நாரா பிரிஞ்சிருந்தா கயிறு.

கயிறு மட்டும் மாத்தணும்னா

1. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுத்துக்கோங்க.
2. பழைய கயிறோட அதே தடிமன், அதே நீளத்துல நைலான் கயிறு வாங்குங்க. முனையை லைட்டர்ல லேசா உருக்கிட்டா பிரியாது.
3. கயிறு இழுபடுற திசையில கப்பியை இறுகும்வரை சுத்துங்க. அப்புறம் கப்பி ஓட்டையும் மூடி ஓட்டையும் நேரா வர்ற அளவுக்கு, அரை அல்லது ஒரு சுத்து பின்னால விடுங்க. ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகி நிறுத்துங்க.
4. கயிறைக் கோத்து கப்பிப் பக்கம் முடிச்சு, கைப்பிடிப் பக்கம் முடிச்சு. கப்பியைக் கையால பிடிச்சு, மெதுவா விட்டுச் சுத்த விடுங்க.
5. கைப்பிடி மூடியை ஒட்டி வந்து நின்னா சரி. தொங்கினா ஒரு சுத்து கூட்டுங்க.

ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங்கை அதோட கூட்டுல இருந்து வெளியே எடுக்காதீங்க. அது தெறிச்சா கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஸ்பிரிங்கே உடைஞ்சிருந்தா ஸ்டார்ட்டரை முழு செட்டா மாத்துங்க. அப்பவும் புது மிஷின் விலையோட ஒப்பிட்டா அது சின்ன தொகைதான்.

கயிறு ஏன் அடிக்கடி அறுது?

எஞ்சின் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகாததாலதான்! இருபது தடவை இழுத்தா எந்தக் கயிறும் தேயும். அதனால இதையும் பாத்துக்கோங்க:

- பெட்ரோல்: இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பிசானம் முடிஞ்சு கார் சாகுபடிக்கு மறுபடி மிஷினை எடுக்க மாசக்கணக்கா ஆகும். டேங்கைக் காலி பண்ணி, கார்புரேட்டர்ல இருக்கிறது தீரும்வரை ஓட்டிட்டு நிறுத்துங்க.
- ஆயில்: 4 ஸ்ட்ரோக்னா ஒவ்வொரு தடவையும் ஓட்டுறதுக்கு முன்னாடி அளவு பாருங்க. 2 ஸ்ட்ரோக்னா பெட்ரோல்லயே கலக்கணும்: 25:1ன்னா லிட்டருக்கு 40 மில்லி, 50:1ன்னா 20 மில்லி. எதுன்னு மேனுவல்ல இருக்கும்.
- ஏர் ஃபில்டர்: ஸ்பாஞ்ச்னா சோப்புத் தண்ணில அலசிக் காய வெக்கலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவாதீங்க.
- பிளக்: கரி படிஞ்சிருந்தா சுத்தம் பண்ணுங்க, தேஞ்சிருந்தா மாத்துங்க.
- வெள்ளம்: 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணிக் கரை என்ன பாடுபட்டுச்சுன்னு நமக்குத் தெரியும். தண்ணில மூழ்கின எஞ்சின்ல கயிறை இழுத்துப் பாக்கவே கூடாது. பிளக்கைக் கழட்டித் தண்ணியை வெளியேத்தி, ஆயிலையும் பெட்ரோலையும் மாத்தின பிறகுதான் முயற்சி.

இப்போ பணக் கணக்கு

உதாரணத்துக்கு மிஷின் விலை 20,000 ரூபாய், 5 வருஷம் உழைக்கும்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 4,000. பராமரிப்பு 1,500. மொத்தம் 5,500. வருஷத்துல 40 மணி நேரம் ஓடினா மணிக்கு சுமார் 138 ரூபாய். 10 மணி நேரம்தான் ஓடுதுன்னா மணிக்கு 550! ஊர்ல வாடகை அதைவிடக் குறைவுன்னா சொந்த மிஷினே தேவையில்ல. வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்குக் கொடுக்குது.

அதே மிஷினை 10 வருஷம் ஓட வெச்சா? வருஷச் செலவு 2,000 + 1,500 = 3,500 ஆகிடும். பராமரிப்பு உங்களுக்குத் தர்ற லாபம் இதுதான்.

என்னோட விதி ரொம்ப எளிமை: ரிப்பேர் செலவு புது விலையில பாதியைத் தாண்டினா மட்டும் புதுசைப் பத்தி யோசிங்க. அப்பவும் கிரெடிட் கார்டுல வாங்கி பாக்கி வெக்காதீங்க. மாசம் 3.5 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு 42 சதவீதம். முதல்ல உழவன் செயலியில மானியம் இருக்கான்னு பாருங்க. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40 சதவீதம் வரை உச்சவரம்போட கிடைக்கும். விண்ணப்பிச்சு அனுமதி வாங்கின பிறகுதான் மிஷின் வாங்கணும். அவசரத்துல கடையில வாங்கிட்டு வந்தா அந்த வாய்ப்பு போயிடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

மாசம் 150 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க, பேரு "மிஷின் ஃபண்ட்". வருஷத்துக்கு 1,800 சேரும். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ ஒரு ஸ்பேர் கயிறு, ஒரு பிளக், ஒரு ஃபில்டர் வாங்கி மிஷின் பக்கத்துலயே தொங்க விடுங்க. களையெடுக்க வேண்டிய நாள் தள்ளிப்போனா நஷ்டம் நெல்லுல தெரியும். அந்த நஷ்டத்தோட ஒப்பிட்டா இந்தச் சாமான் விலை ஒண்ணுமே இல்ல.

உங்க ஊர்ல பவர் வீடர் வாடகை மணிக்கு எவ்வளவு? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல அந்தக் கணக்கையே எடுத்துப் போட்டுப் பாக்கலாம்!