அப்டேட்டுக்குப் பிறகு தூங்க மறுக்கும் லேப்டாப்

இரவு மூடிவைத்த லேப்டாப் காலையில் கையில் சுடுகிறது. பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. முந்தைய நாள்தான் விண்டோஸ் அப்டேட் ஆனது என்றால், அதன்மேல் சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆனால், 'ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். தூக்கத்தைக் கெடுப்பது யார் என்று விண்டோஸிடமே கேட்டுவிடலாம்.

ஸ்லீப்பில் ராமுக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். திரை, பிராசஸர், டிஸ்க் எல்லாம் அடங்கிவிடும். இது நடக்க ஒவ்வொரு பாகத்தின் டிரைவரும் ஒத்துழைக்க வேண்டும். அப்டேட்டில் அடிக்கடி மாறுவதும் இந்த டிரைவர்கள்தான். 2015இல் விண்டோஸ் 10 வந்த புதிதில் பல லேப்டாப்களில் ஸ்லீப்பும் ஷட்டவுனும் பாதியில் நின்றன. இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவரின் 11ஆம் பதிப்பை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டதும் அவற்றில் பல சரியாயின.

முதலில் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ஷட்டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினி, ஷட்டவுனின்போது கெர்னலை டிஸ்கில் சேமித்துவைத்து, மறுபடி அதையே எழுப்புகிறது. பழைய கோளாறும் கூடவே எழுந்துவிடக்கூடும்.

நீங்களாக ஸ்லீப் கொடுத்தால் தூங்குகிறது, தானாகத் தூங்குவதில்லை என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லுடன் சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டித் தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோட்டுடன் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று சேர்த்து என்டர் அழுத்துங்கள். டிஸ்ப்ளே, சிஸ்டம் என்று வரிசையாகத் தலைப்புகள் வரும். எல்லாவற்றின் கீழும் 'நன்' என்றிருந்தால் அந்த நேரத்தில் தடையேதும் இல்லை. 'சிஸ்டம்' என்பதன் கீழ் ஆடியோ டிரைவரின் பெயரும், ஓர் ஒலி ஓட்டம் பயன்பாட்டில் இருப்பதாக ஒரு வரியும் அடிக்கடி தென்படும். பிரவுசரில் மறந்துபோன ஒரு டேப், செருகியே இருக்கும் ஒரு மைக் போதும் இதற்கு. அதை மூடிவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

தூங்கியதும் உடனே விழித்துக்கொள்கிறதா? அதே கட்டளையில் 'ரிக்வெஸ்ட்ஸ்' இடத்தில் 'லாஸ்ட்வேக்' என்று சேர்த்துத் தட்டினால், கடைசியாக எழுப்பியது எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மவுஸ் அல்லது நெட்வொர்க் கார்டு என்றால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். புது டிரைவர் இந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுவதுண்டு.

மெனுவில் ஸ்லீப்பே காணாமல் போயிருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால், கார்டுக்குரிய டிரைவர் கழன்றுபோயிருக்கிறது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதை எடுத்துப் போட வேண்டும். ஸ்லீப்பிலிருந்து எழும்போது கறுப்புத் திரையோடு நிற்பதற்கும் பல நேரம் கிராஃபிக்ஸ் டிரைவரே காரணம். டிவைஸ் மேனேஜரிலேயே உள்ள 'ரோல் பேக் டிரைவர்' பழைய பதிப்பைத் திருப்பித் தரும்.

பையில் வைத்த லேப்டாப் சூடாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது வரும் பல மாடல்களில் பழைய வகை ஸ்லீப் கிடையாது. அதற்குப் பதிலாக உள்ள 'மாடர்ன் ஸ்டாண்ட்பை'யில் கணினி குறைந்த மின்சாரத்தில் அரைவிழிப்பாகவே இருக்கும், மெயிலைக்கூடப் பார்த்துக்கொள்ளும். பயணம் போகிறவர்களுக்கு, திறந்திருந்ததை டிஸ்கில் சேமித்துவிட்டு முழுவதும் அணைந்துவிடும் ஹைபர்நேட்தான் நல்லது. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியைச் சாத்தினால் ஹைபர்நேட் ஆகும்படி மாற்றிவிடலாம்.

எதற்கும் மசியவில்லை என்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டின் வரலாற்றுக்குப் போய்க் கடைசி அப்டேட்டை நீக்கலாம். புதிய பதிப்புக்கே மாறியிருந்தால், பொதுவாக 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்ப வழியுண்டு.

ஆனால் அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவிடாதீர்கள். வங்கிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் இருக்கும் கணினிக்கு, மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டாயம் வேண்டும். விண்டோஸ் 11இல் 5 வாரம் வரை அப்டேட்டைத் தள்ளிப்போடலாம். திருத்தம் வரும்வரை அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.