சமதரை நடையின் கணக்கு

மேடு பள்ளமில்லாத நிலத்தில் நடப்பது எளிது என்றே நாம் எண்ணுகிறோம். 1967இல் அமைக்கப்பட்ட கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்தில் நெடுந்தூரம் நடந்து பார்த்தால் இவ்வெண்ணம் மாறிவிடும். வெளிமான்கள் மேயும் புல்வெளி, உவர்ச் சேற்றுப் பரப்பு, மணற்கரை எல்லாமே அங்குச் சமதரைதான். பின் களைப்பு எதனால்?

முதற் காரணம், தூரம் கண்ணை ஏமாற்றுவது. சராசரி உயரமுள்ளவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டரில் உள்ளது. ஆனால் 30 மீட்டர் உயரமுள்ள கோபுரமோ, வானம் தெளிவாக இருந்தால், 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியக்கூடும். இடையில் அளவு காட்ட மரமோ வீடோ இல்லாததால் அது அருகிலிருப்பதாகத் தோன்றும்.

இரண்டாவது, மணல். உலர்ந்த மணலில் பாதம் புதைகிறது. உந்துவிசையின் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே வீணாகிறது. கெட்டித் தரையைப் போல இருமடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகிறது. ஈரமணலில் நீரின் பரப்பு இழுவிசை துகள்களைப் பிணைப்பதால், அலையோரத்தில் நடப்பது எளிது.

மூன்றாவது, சேறு. பூநாரைகள் வரும் பருவம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியது. மேலே காய்ந்த சேறு உள்ளே இளகியிருக்கும். ஆகவே வனத்துறை அனுமதிக்கும் பாதையை விட்டு விலகலாகாது.

சாலையில் 10 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரமென்றால், மணலில் மூன்றுக்கு மேல் ஒதுக்குங்கள். நிழலும் குடிநீரும் வழியில் கிடைக்குமென நம்ப வேண்டாம். எடுத்துச் சென்ற நீரில் மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள். திரும்பும் வழிக்கு ஒரு பங்கு, எதிர்பாராத தாமதத்திற்கு ஒரு பங்கு மிஞ்சும். மலையேறுபவரைச் செங்குத்துப் பாறை எச்சரித்து நிறுத்தும். சமதரையில் அவ்வெச்சரிக்கையை நாமே கணக்கிட்டுக் கொள்ள வேண்டும்.