பெரிய சைஸ் எடுத்தாலும் பொருந்தவில்லை! 60 வயதை தாண்டிய பெண்களை மறந்த ரெடிமேட் அளவுகள்

தாம்பரம்,

தாம்பரம் சண்முகம் சாலை, குரோம்பேட்டை, பல்லாவரம் ஜவுளிக்கடைகளில் பண்டிகை வந்தால் கூட்டம் அலைமோதும். ரெடிமேட் ஜாக்கெட், டாப்ஸ், நைட்டி எல்லாம் குவிந்து கிடக்கும். ஆனால் 60 வயதை தாண்டிய அம்மாக்கள் போட்டுப் பார்த்தால் கதையே வேறு. மார்புக்கு சரியாக இருந்தால் வயிற்றில் பிடிக்கிறது. வயிற்றுக்கு பார்த்து டபுள் எக்ஸ்எல் எடுத்தால் தோள் இறங்கிவிடுகிறது. "உடம்பு போட்டுடுச்சு, நம்ம மேலதான் தப்பு" என்று நொந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள்.

தப்பு உடம்பில் இல்லை. அளவு போட்ட விதத்தில் இருக்கிறது.

ரெடிமேட் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரு நடுத்தர சைசுக்கு பேட்டர்ன் வெட்டுகின்றன. அதில் இஞ்ச் கூட்டினால் பெரிய சைஸ், குறைத்தால் சின்ன சைஸ். சைஸ் ஏற ஏற மார்பு, தோள், கை எல்லாம் சேர்ந்தே பெரிதாகும். வயதான உடம்பு அப்படி பெருப்பதில்லை, அதன் வடிவமே மாறுகிறது.

மாதவிலக்கு நின்ற பிறகு தொடை, இடுப்பில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கும். தோளும் கையும் பழையபடி ஒல்லியாகவே இருக்கும். 40 வயதுக்கு மேல் 10 வருடத்துக்கு சுமார் 1 செ.மீ. வீதம் உயரமும் குறைகிறது. எலும்பு தேய்ந்து முதுகு வளைந்தால் பின்பக்கம் அதிக துணி வேண்டும், முன்பக்கம் குறைவாக வேண்டும். பாட்டிகளின் ஜாக்கெட் முதுகில் மேலே ஏறிக்கொள்வது இதனால்தான். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு தோள் மூட்டு இறுகிப்போகும். அவர்களிடம் போய் பின்பக்கம் ஜிப் வைத்த உடையை நீட்டினால் என்ன செய்வார்கள்?

இந்தியர்களுக்கென்று தனி சைஸ் அட்டவணை தயாரிக்க 'இந்தியா சைஸ்' திட்டம் 2018-ல் அறிவிக்கப்பட்டது. தரமணியிலும் கல்லூரி வைத்திருக்கும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிப்ட்தான் பொறுப்பு. 6 நகரங்களில் 25 ஆயிரம் பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது என்று திட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் வயது வரம்பு 15 முதல் 65 வரை. 66 வயது பாட்டிக்கு அந்த கணக்கிலும் இடமில்லை.

அமெரிக்காவில் 55 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 6 ஆயிரம் பேருக்கு மேல் அளந்து, அவர்களுக்கென தனி அளவு அட்டவணையை 1995-லேயே வெளியிட்டுவிட்டார்கள். தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஏற்றுமதி ஆடை கம்பெனிகள் உண்டு. வெளிநாட்டு அளவு பார்த்து அங்கே தைக்கிற பெண்கள் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத்தான் அளவு இல்லை.

மிச்சம் இருப்பது தெருமுனை டெய்லர். அங்கேயும் ஒரு சிக்கல். பலர் பழைய 'அளவு ஜாக்கெட்'டை கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அது பத்து வருடத்துக்கு முந்தைய உடம்பின் அளவு! புதிதாக டேப் வைத்து அளக்கச் சொல்ல வேண்டும். முன்பக்க நீளம், முதுகு நீளம் இரண்டையும் தனித்தனியாக எடுக்கச் சொல்ல வேண்டும். முன்பக்கம் கொக்கி, பக்கத் தையலில் இரண்டு இஞ்ச் துணி விட்டு வைத்தால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். கையை உடம்போடு ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தாராளமாக வெட்டச் சொன்னால் கை தூக்க வலிக்காது.

உள்பாவாடைக்கு யாரும் சைசே பார்ப்பதில்லை. நாடா இருக்கிறதே, எந்த இடுப்புக்கும் இறுக்கிக்கொள்ளலாம் என்ற தைரியம். அதிலும் ஆபத்து உண்டு. மகாராஷ்டிரா, பீகார் டாக்டர்கள் 2024-ல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அதில் ஒருவருக்கு வயது 70. நாடா உரசிய இடுப்பில் 18 மாதமாக ஆறாத புண். பரிசோதித்தால் தோல் புற்றுநோய். இன்னொருவருக்கு அது தொடை இடுக்கு நெறிக்கட்டி வரை பரவிவிட்டது.

இது அபூர்வமாக வருவதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் நாடா கட்டும் இடத்தில் தோல் கறுத்து, தடித்து, அரிப்பு எடுத்தால் நாடாவை தளர்த்திக் கட்ட வேண்டும். கயிறு போன்ற நாடாவுக்கு பதில் அகலமான பட்டை வைத்து தைக்கச் சொல்லலாம். புண் வந்து ஆறவில்லை என்றால் களிம்பு தடவிக்கொண்டே நாள் கடத்தாமல் அரசு ஆஸ்பத்திரி தோல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.