இருதயக் குழாயில் சுண்ணாம்பு: ஸ்கான் யாருக்குத் தேவை?

கொழும்புக்குப் போய் ஒரு ஸ்கான் எடுத்தால் மாரடைப்பு வருமா வராதா என்று சொல்லிவிடுவார்களாம் என்ற பேச்சு அடிபடுகிறது. அதற்காக நகையை அடகு வைக்க முன்னர், அந்த ஸ்கான் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிந்துகொள்வோம்.

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளின் உட்சுவரில் வயது போகப் போகக் கொழுப்புப் படிகிறது. பழைய படிவுகளில் கல்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, சேர்ந்து இறுகிவிடும். (இது கிணற்றுத் தண்ணீரிலும் வெற்றிலைச் சுண்ணாம்பிலும் இருந்து நேரே வந்து ஒட்டுவதல்ல. வெற்றிலை, புகையிலையால் வரும் கேடுகள் வேறு.) இறுகிய இடங்கள் சி.ரி. ஸ்கானில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றைக் கணக்கிட்டு ஓர் எண்ணாகச் சொல்லும் முறையை அமெரிக்க இருதய வைத்தியர் ஆதர் அகற்ஸ்ரனும் அவரது சக வைத்தியர்களும் 1990இல் வெளியிட்டனர். ஊசி மருந்து தேவையில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எண் 0 என்றால் இறுகிய படிவு தென்படவில்லை. 100க்குக் கீழே சிறிதளவு, 100 முதல் 399 வரை நடுத்தரம், 400இலும் அதற்கு மேலும் மிக அதிகம். எண் கூடக் கூட மாரடைப்பு அபாயமும் கூடுகிறது. ஆனால் 0 வந்தவர் தப்பிவிட்டார் என்று எண்ணக்கூடாது. இன்னும் இறுகாத இளகிய படிவு இதில் தெரியாது. அது வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தாலும் குழாய் அடைபடும். புகைப்பவர்களும் நீரிழிவுக்காரரும் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் யாருக்கு இது உதவும்? நாற்பது வயதைத் தாண்டியும் நோய்க்குறி எதுவும் இல்லாதவருக்குக் கொலஸ்ரரோல் குளிசை தொடங்குவதா விடுவதா என்று வைத்தியர் யோசிக்கும்போதுதான். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இந்த எண் தேவையில்லை. நாற்பதைத் தாண்டிய நீரிழிவுக்காரருக்குப் பெரும்பாலும் ஸ்கான் இல்லாமலே அக்குளிசை கொடுக்கப்படுகிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் வேண்டியது செலவில்லாதது. வயது, புகைத்தல், பிறஷர், சீனி, கொலஸ்ரரோல் ஆகியவற்றைக் கொண்டு பத்து ஆண்டுக்கான அபாயத்தைக் கணிக்க உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளின் சுகவாழ்வு நிலையங்களில் இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். இடம்பெயரும்போது மண்வெட்டி வந்துவிடும். கிளினிக் கொப்பி வராது. கொப்பி தொலைந்தால், குளிசை முடிந்த வெற்று மட்டைகளையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்து இடையில் நின்றுபோவதுதான் ஸ்கான் எடுக்காததைவிட ஆபத்தானது.

நெஞ்சை அமத்துவது போன்ற நோ, கைக்கும் தாடைக்கும் பரவும் நோ, குளிர் வியர்வை, மூச்சு முட்டு ஆகியவை வந்தால் இந்த ஸ்கானைத் தேட வேண்டாம். வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்கவும் வேண்டாம். உடனே ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.